வெளிர் மஞ்சள்

குழந்தை கடைசியாகச் சிறுநீர் கழித்துப் பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. விடிகாலை நாலரைக்குக் கொஞ்சம் போனது. இப்போது பிற்பகல் மூன்றரை. நடுவில் வயிற்றால் போனது பதினேழு தடவை. இதையெல்லாம் யாரும் தாத்தாவை எண்ணச் சொல்லவில்லை. எண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

ஊரில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர். குடிநீர் நிலையத்தில் இருபத்தாறு வருடமாகப் பகல் ஷிப்ட் பார்க்கிறவர். டீயில் சர்க்கரை ஒன்றேகால் ஸ்பூன் என்பார். கடைக்காரர் ஒன்றரை போட்டால் முதல் வாயிலேயே கண்டுபிடித்து, ஒன்றும் பேசாமல் கிளாஸைத் திரும்ப வைத்துவிடுவார். முடிவெட்டுகிறவர் இவர் வந்து உட்கார்ந்தால், "இன்னைக்கு எத்தனை மில்லிமீட்டர்ண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்திரியை எடுப்பார். கேலிதான், ஆனால் கேலிக்குள் ஒரு மரியாதை உண்டு. அளவுக்காரர் சொன்னால் சரியாக இருக்கும்.

குழந்தைகள் வார்டில் இருபது கட்டில்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு குழந்தைகள், தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று. இடம் கிடைக்காதவர்கள் வராந்தாவில் பாய் விரித்திருந்தார்கள். ஐந்து நாளாக விடாத மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. கட்டில் கம்பி, ஜன்னல் கம்பி, மூலையில் நின்ற பழைய சக்கர நாற்காலி என்று கண்ட இடமெல்லாம் ஈரத் துணி தொங்கியது. பினாயில் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை.

பேத்திக்கு மூன்று வயது. நேற்று ராத்திரி வரைக்கும் வாய் ஓயாத குழந்தை. இப்போது கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, யாரோ ஒரு குட்டிக் கிழவியைக் கொண்டுவந்து போட்டது போல் கிடந்தது. அழுதது, ஆனால் கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளிய வடிவத்திலேயே நின்றது. கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தி சலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சிஸ்டர், நிமிஷத்துக்கு நாப்பத்திரெண்டு சொட்டுதான் விழுது. நீங்க அறுபது வெச்சுட்டுப் போனீங்க."

"கால் அசைஞ்சா குறையும் தாத்தா. அசையாம பிடிச்சுக்குங்க."

"நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்போ நீங்களும் அசையாதீங்க," என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் வந்து சலைன் குழாயின் உருளையைத் திருகினாள். முந்தின நாள் காலையிலிருந்து வீட்டுக்குப் போகாதவள். கோபமெல்லாம் தீர்ந்துபோன குரல்.

கட்டிலின் கால்மாட்டில் கிடந்த பையன் ஒரு தையல்காரம்மாவின் இளைய மகன். அவளுக்கு அளவுக்காரரைத் தெரிந்திருந்தது.

"நீங்க தண்ணி ஸ்டேஷன்ல இருக்கறவர்தானே?"

அவர் தலையசைத்தார். காலையிலிருந்து இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை.

"உங்களைச் சொல்ல மாட்டோம். உங்களப் பத்தித் தெரியாதா? அந்த ராத்திரி ஆளு இருக்கானே, அவன் பண்ணின வேலைதான் இதுன்னு ஊரே பேசுது. வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாமே?"

குழந்தையின் அம்மா, அவருடைய மகள், சலைன் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "எங்கப்பா பாத்த தண்ணியில கொசு மூச்சு விட்டிருந்தாக்கூட எழுதி வெச்சுடுவார்க்கா. பகல்ல தப்பு நடக்க வழியே இல்ல."

"நான் மழை ஆரம்பிச்சதுலேருந்து கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறேன். பெரியவனுக்கு ஒண்ணும் இல்ல பாரு. இந்த வாலுதான் ஸ்கூல்ல குழாயில வாய வெச்சுட்டு வந்திருக்கு."

"நாங்க கொதிக்க வைக்கிறதே இல்லக்கா," என்றாள் மகள்.

அதில் ஒரு பெருமை இருந்தது, அந்த நேரத்திலும். அளவுக்காரர் பேத்தியின் கணுக்காலைப் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் மாற்றிப் பிடித்தார். முதல் மழையன்று மகள் அடுப்பில் தண்ணீர் ஏற்றப்போனதும், அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. 'நான் பாத்து அனுப்பின தண்ணிய நீ கொதிக்க வெச்சா, அப்புறம் நான் எதுக்கு அங்க போய் நிக்கணும்?' மகள் சிரித்துக்கொண்டே பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

டாக்டரம்மா மூன்றே முக்காலுக்கு வந்தார். ஒரு கட்டிலுக்கு ஒரு நிமிடம் என்று வந்துகொண்டிருந்தார். குழந்தையின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார்.

"சிறுநீர்?"

"பதினோரு மணி நேரம், பதினஞ்சு நிமிஷம் ஆச்சு," என்றார் அவர்.

டாக்டரம்மா அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "நல்லது, இப்படித்தான் சொல்லணும். கடைசியா வயித்தால போனது எப்போ? என்ன கலர்ல இருந்தது?"

"பத்து நிமிஷம் இருக்கும். மஞ்சளாத்தான் போச்சு. வெளிர் மஞ்சள்."

"மஞ்சளா?" டாக்டரம்மா முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. "காலைல வெள்ளையா போகுதுன்னு எழுதியிருக்கே. மஞ்சளா மாறியிருந்தா நல்ல விஷயம்."

"இல்ல மேடம்," என்றாள் மகள். "வெள்ளைதான். அரிசி கழுவின தண்ணி மாதிரி. இதோ, துணிய எடுக்கல இன்னும். பாருங்க."

துணியை விரித்துக் காட்டினாள். டாக்டரம்மா பார்த்தார், நர்ஸ் பார்த்தாள், எட்டிப் பார்த்த தையல்காரம்மாவும் "வெள்ளைதான்" என்றாள்.

அளவுக்காரரும் பார்த்தார். அவருக்கு வெளிர் மஞ்சளாகத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா முகத்தில் வந்த வெளிச்சம் போய்விட்டது. "தாத்தா, சரியா தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நீங்க சொல்றத வெச்சுத்தான் நான் மருந்து மாத்துவேன்." அடுத்த பாட்டிலை வேகமாக ஏற்றச் சொன்னார். ஐந்தரை மணிக்குள் சிறுநீர் போகவில்லையென்றால் சிறுநீரகம் தாங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். ஆனால் ஆற்றுப் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது, வண்டி போகுமா தெரியாது என்றும் அவரே சொன்னார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"என்னப்பா நீங்க," என்றாள் மகள். திட்டவில்லை. "தூக்கம் இல்ல உங்களுக்கு. அந்த மஞ்சத் துண்டை எடுங்க, கீழ விரிக்கணும்."

ஜன்னல் கம்பியில் இரண்டு துண்டுகள் தொங்கின. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், இரண்டும் அவர் வீட்டுத் துண்டுகள். அவர் எழுந்து போய் முன்னால் நின்றார். மழை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. கையைத் தூக்கினார். எதை எடுப்பது? ஓரத்தில் தையல் எப்படி இருக்கும் என்று யோசித்தார். தடவிப் பார்த்தார். கடைசியில் இடது பக்கத்துத் துண்டை இழுத்துக்கொண்டு வந்தார்.

"இது வெள்ளைப்பா," என்றாள் மகள். எழுந்து போய்த் தானே மற்றதை எடுத்துக்கொண்டாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருடைய வேலையைச் சொல்வது எளிது. ஆற்றுத் தண்ணீர் மணல் தொட்டிகளில் வடிந்து பெரிய தொட்டிக்கு வரும் வழியில், ஒரு மெல்லிய குழாய் வழியாகக் குளோரின் கரைசல் சொட்டுச் சொட்டாகக் கலக்கும். சரியாகக் கலக்கிறதா என்று மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குழலில் கோடு வரை தண்ணீர் பிடித்து, ஐந்து சொட்டு மருந்து விட்டு, மூடிக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடிப்பார்கள். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். பக்கத்து அட்டையில் வெளிரிலிருந்து அடர்த்தி வரை மஞ்சள் கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைப் புத்தகத்தில் எழுத வேண்டும். பெரும்பாலும் 0.5. குளோரின் இல்லையென்றால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அதற்குப் பூஜ்யம்.

குளோரின் வாடையை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று புதியவர்கள் கேட்பார்கள். அந்த அறையில் வேலை செய்கிறவனுக்கு மூக்கு முதல் மாதத்திலேயே செத்துப்போகும். மிஞ்சுவது கண்தான்.

அவர் கண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை. போன வருடம் நிலையத்துக்கு வந்து கண் பரிசோதனை செய்த டாக்டர், இரண்டு கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் லீவு ஆகும் என்றார். அந்த ஒரு மாதம் அவருடைய மேஜையில் வேறு யாரோ உட்கார்ந்து, வேறு கையெழுத்தில், அடித்தும் திருத்தியும் எழுதுவார்கள். சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார். அது சட்டையோடு துவைத்துக் கூழாகிவிட்டது. பிறகு வந்த வருடாந்தரச் சோதனையில், முன்னால் நின்றவர் படித்த எழுத்துகளைக் காதால் கேட்டு அப்படியே ஒப்பித்துவிட்டார். மனைவி உயிரோடு இருந்திருந்தால் அவர் சட்டை எடுத்துப் போடுகிற அழகிலேயே கண்டுபிடித்திருப்பாள். அவள் போய் ஏழு வருடம் ஆகிறது.

எழுத்து கொஞ்சம் மங்கும், வண்டி விளக்கு கொஞ்சம் கூசும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். நிறம் போகும் என்று நினைக்கவில்லை. கண்ணில் பழுப்பேறிய ஒரு கண்ணாடி உட்கார்ந்துகொண்டு, வெள்ளையை எல்லாம் மஞ்சளாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை மாதமாக என்று தெரியவில்லை. பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் கேட்டதில்லை.

கேட்கிறவன் வேறு ஒருவன். ராத்திரி ஷிப்ட்காரன். அவனுக்குப் பெயரே சந்தேகம். சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு வருவான். குழலைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து, வாட்ச்மேனோ, பால் வண்டிக்காரரோ யார் போனாலும் நிறுத்தி, "இது எந்தக் கட்டத்தோட சேருதுன்னு பாத்துச் சொல்லேன்," என்பான். அளவுக்காரருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"உன் வேலைக்கு ஊர்ப்பட்டவன்கிட்ட சாட்சி வாங்கறியாடா? உன் பொண்டாட்டி யாருன்னும் வாட்ச்மேனத்தான் கேப்பியா?"

"அதுல மட்டும் எனக்குச் சந்தேகமே வராதுண்ணே. அவ கைய ஓங்கற விதமே தனி."

திங்கட்கிழமை காலை ஷிப்ட் மாறும்போது சந்தேகம் வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தான். புத்தகத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு நேரே ஒரு பூஜ்யம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"அண்ணே, வெள்ளையாவே நிக்குதுண்ணே. சொட்டுக் குழாயில சுண்ணாம்பு மாதிரி ஏதோ அடைச்சிருக்கும் போல. கழட்டிப் பாக்கட்டுமா?"

அவர் குழலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெளிர் மஞ்சள். "இதுவாடா வெள்ளை? பாயிண்ட் அஞ்சு. போய் முகத்தக் கழுவு."

பேனாவை எடுத்துப் பூஜ்யத்தை அடித்து, மேலே 0.5 என்று எழுதினார். இருபத்தாறு வருடப் புத்தகங்களில் அவர் கை போட்ட முதல் அடித்தல் அது. "நீங்க சொன்னா சரிதாண்ணே," என்று சந்தேகம் போய்விட்டான். குழாயைக் கழற்றவில்லை. இன்று வியாழன்.

இன்று காலையும், பேத்தியை வார்டில் சேர்த்த கையோடு, அரை மணி நேரம் போய் ஒரு டெஸ்ட் போட்டுவிட்டு வந்திருந்தார். 0.5 என்றுதான் எழுதினார்.

நாலே காலுக்கு எஞ்சினியர் வந்தார். நனைந்த ஷூவோடு வார்டுக்குள் வரத் தயங்கி, வராந்தாவிலிருந்து கையசைத்தார். அளவுக்காரரிடம் வேலை பழகியவர்தான். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"பாப்பா எப்படி இருக்கு மாஸ்டர்?"

"சிறுநீர் போகல சார் இன்னும்."

"சரியாயிடும். தைரியமா இருங்க." கோப்பைப் பிரித்தார். "மேல இருந்து எல்லாரும் வந்து புத்தகத்தப் பாத்துட்டாங்க. பகல் ரீடிங் அத்தனையும் பாயிண்ட் அஞ்சு. ராத்திரில ஒரு பூஜ்யம், அத அடிச்சுத் திருத்தியிருக்கு. கேட்டா, நான்தான் அடிச்சேன்னு அவனே ஒத்துக்கிட்டான். முடிஞ்சுது கத. இந்தத் திருத்தம் உங்க கை இல்லன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"அவனே சொன்னானா?"

"ஆமா. ஒரு வார்த்த மறுக்கல. அழுதான். அவன் குணம் தெரிஞ்சதுதானே? எதுலயும் ஒரு உறுதி இல்ல, ஒரு ஒழுங்கு இல்ல. இன்னைக்கு இல்லன்னா என்னைக்காவது நடக்க வேண்டியதுதான்."

"தண்ணி?"

"சாம்பிள் வெளியூர் லேபுக்குப் போயிருக்கு. ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் ஊருக்குத் தண்ணி இல்லாம வைக்க முடியுமா? காலைல நீங்க போட்ட ரீடிங்க காட்டினேன். மாஸ்டர் பாத்திருந்தா சரின்னுட்டாங்க. அஞ்சு மணிக்கு வழக்கம்போல விட்டுடுவோம்."

சொல்வதற்கு அதுதான் நேரம். அது அவருக்கும் தெரிந்தது. பேனாவை வாங்கினார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்பது தெரியவில்லை. காகிதம் முழுக்க ஒரே மங்கல். எஞ்சினியரின் விரல் ஓர் இடத்தில் வந்து நின்றது. அந்த விரலுக்குப் பக்கத்தில், இருபத்தாறு வருடமாகப் போட்ட அதே கையெழுத்தைச் சாய்வு பிசகாமல் போட்டார்.

எஞ்சினியர் போனபிறகு வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்ச் சொல்லலாம். படி இறங்குவதற்குள் பிடித்துவிடலாம். எழுந்திருக்கவில்லை. சொட்டுக் குழாயை மட்டும் யாருக்கும் தெரியாமல் போய்க் கழுவிவிட்டால்? கழுவலாம். ஆனால் தொட்டியில் ஏற்கெனவே நிரம்பி நிற்கிற தண்ணீரை என்ன செய்வது? பன்னிரண்டு லட்சம் லிட்டர். அதையும் கணக்குப் போட்டார். கணக்கு அவரை எப்போதும் கைவிட்டதில்லை. இப்போதும் சரியாகத்தான் வந்தது.

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. சந்தேகம்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட். பொத்தான் வழக்கம்போல ஒன்று தள்ளியிருந்தது.

"அண்ணே."

அவர் நிமிரவில்லை.

"திட்டணும்னா திட்டுங்கண்ணே. அடிக்கணும்னாலும் அடிங்க. பாப்பாவுக்கு இப்படி ஆகும்னு…" ரொட்டியைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தான். "நீங்க காலைலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

"அடிச்சது நீதான்னு ஏன்டா சொன்ன?"

"பின்ன? நீங்க எனக்காகத்தானே திருத்தினீங்க. நான் தப்பாப் பாத்தத நீங்க சரி பண்ணினீங்க. உங்க பேரு எதுக்குண்ணே இதுல வரணும்?"

"நீ தப்பா பாத்தியா?"

"அதான்ணே எனக்குப் புரியல." பெஞ்சில் உட்காராமல் எதிரே தரையில் குந்தினான். "எனக்கு வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. வாட்ச்மேன்கிட்ட காட்டினேன், வெள்ளைன்னான். பால் வண்டிக்காரர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, பச்சத் தண்ணியக் காட்டி ஏன்யா காலங்காத்தால உயிர வாங்கறேன்னார். ஆனா நீங்க மஞ்சள்னீங்க. நாங்க மூணு பேர் சொல்றோம்னு உங்கள எதுத்துப் பேச முடியுமா? அதுக்கப்புறம் எனக்கு என் மேலயே நம்பிக்க போயிடுச்சுண்ணே. செவ்வாயும் புதனும் வெள்ளையா தெரிஞ்சும், அண்ணன் பகல்ல எழுதினதையே பாத்து பாயிண்ட் அஞ்சுன்னு எழுதிட்டேன். எங்க தப்பு நடந்துச்சுன்னு இப்பவும் தெரியல. நாளைக்குப் போய் முதல்ல கண்ண டெஸ்ட் பண்ணிக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தாண்ணே."

அளவுக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் வார்டு வாசலில் மகள் வந்து நின்றுவிட்டாள். சந்தேகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தீங்க? உள்ள போய்ப் பாருங்க, எத்தன குழந்தைங்க கிடக்குதுன்னு. ஒரு கண்ணாடிக் குழாயப் பாத்து ஒரு நம்பர் எழுதத் தெரியாதா உங்களுக்கு? இதே எங்கப்பா எத்தன வருஷமா செய்யறார்! அவர் காலைல போய்ப் பாத்துப் பாத்து வெச்சத ராத்திரில தூங்கியே கெடுத்தீங்களே!"

"ஆமாம்மா," என்றான் சந்தேகம்.

"ஆமாம்மாவா? எம்பொண்ணு அழுதா கண்ணீர்கூட வரல. தெரியுமா உங்களுக்கு?"

"தப்புத்தாம்மா."

"ரொட்டி வேற! எடுத்துக்கிட்டுப் போங்க முதல்ல."

அவன் ரொட்டியை எடுத்துக்கொண்டான். ஆனால் போகவில்லை. ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி குந்தியிருந்தான். வராந்தாவில் இருந்தவர்கள் பாயிலிருந்து எழுந்து பார்க்கத் தொடங்கினார்கள். "அவன்தானா?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது. "பிடிச்சு வைங்கப்பா," என்றது இன்னொன்று.

மகள் அவர் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்து இறங்கியிருந்தது. "அப்பா, நரம்பு மறுபடியும் வீங்கிடுச்சு. ஊசிய எடுத்துட்டாங்க. வேற இடம் தேடறாங்க. வாயால குடுக்கச் சொல்றாங்க, உப்புத் தண்ணி கலக்கி. இங்க பிடிக்கிற தண்ணிய நான் குடுக்க மாட்டேன். நீங்க ஒரு எட்டு ஸ்டேஷனுக்குப் போய், உங்க கையால டெஸ்ட் பண்ணி, ஒரு பாட்டில் கொண்டாங்கப்பா. நீங்க பாத்த தண்ணின்னா எனக்கு பயம் இல்ல."

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். கண்ணும் மூக்கும் வாயும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

அந்த நேரம் உள்ளே தையல்காரம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கும் பெரிய பையனோடு. ஒரு கையால் இளையவனைத் தட்டிக்கொண்டே உரக்கப் பேசினாள்.

"அஞ்சு மணிக்குத் தண்ணி விடறாங்களாம்டா. எல்லாத்தையும் ரொப்பி வெச்சுடு… வேணாம், வேணாம், அடுப்பு கிட்டப் போகாத, நீ தனியா இருக்க. இன்னைக்குக் கொதிக்க வைக்க வேணாம்… இல்லடா, அளவுக்காரரே பாத்துட்டாராம். இங்கதான் இருக்கார். அப்படியே குடிக்கலாம். தாகமா இருந்தா வந்த உடனே பிடிச்சுக் குடி."

சுவர்க் கடிகாரம் எதிரே இருந்தது. முள் தெரியவில்லை. நேரம் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது, நாலு நாற்பத்தெட்டு.

அவர் எழுந்தார். கால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகில் கொண்டுவந்தார். பிறகு அதைக் கீழே குந்தியிருந்தவனிடம் நீட்டினார்.

"இதுல எஞ்சினியர் நம்பர் எதுன்னு பாத்துப் போட்டுக் குடுடா."

சந்தேகம் அண்ணாந்து பார்த்தான். இத்தனை வருடத்தில் அவர் அவனிடம் எதையும் பார்த்துச் சொல்லக் கேட்டதில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். எண்ணை அழுத்துவதற்குமுன், "இதுதானேண்ணே?" என்று திரையைக் காட்டினான்.

"நீ பாத்தா சரி."

மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"சொல்லுங்க மாஸ்டர். வால்வுகிட்டதான் நிக்கறேன். பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"தண்ணி விடாதீங்க சார்."

"என்ன?"

"அஞ்சு மணித் தண்ணிய விடாதீங்க. தொட்டிய அப்படியே நிறுத்துங்க. சொட்டுக் குழாயக் கழட்டச் சொல்லுங்க, அடைச்சிருக்கும்."

"ஏன்? நீங்கதானே காலைல பாத்தீங்க? பாயிண்ட் அஞ்சுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

மகள் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா?" என்றாள். "என்னப்பா சொல்றீங்க?"

அவர் மெதுவாக என்னமோ சொன்னார். உதடுதான் அசைந்தது.

"கேக்கல மாஸ்டர், மோட்டார் சத்தம். இங்க பெரியவங்க எல்லாரும் நிக்கறாங்க, நான் என்ன காரணம்னு சொல்றது? சத்தமாச் சொல்லுங்க."

அளவுக்காரர் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, சொட்டு மருந்து விடும்போது நிற்பதுபோல நேராக நின்றார். மகள் இருந்த பக்கமாகத் திரும்பி, வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"திங்கக்கிழமை அவன் எழுதின பூஜ்யம் சரி சார். அத அடிச்சது நான். எனக்கு மஞ்சளும் வெள்ளையும் ஒண்ணாத்தான் தெரியுது. எனக்குக் கண்ணு தெரியல சார்."